தரையில் விழுந்த க்ளே

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஷேக் பரீதின் கடைக்குப் புதிதாக வண்டி கொண்டுவருகிறவர்கள், அவர் கையில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையைப் பார்த்துச் சிரிப்பார்கள். காய்கறிக்காரன் கொத்தமல்லி போட்டுக் கொடுக்கிற மெல்லிசுப் பை. கழுவித் துடைத்த வண்டியின் பானெட்டில் அந்தப் பைக்குள் இருக்கும் விரல்களை வைத்து மெதுவாக நகர்த்துவார். வெறுங்கைக்கு வழுவழுவென்று தெரிகிற பெயின்ட், பைக்குள் இருக்கிற கைக்கு நறநறக்கும். எத்தனை கழுவினாலும் போகாத தூசு அது, பெயின்டில் பல்லைப் பதித்து உட்கார்ந்திருக்கும். அதைப் பிடுங்கி எடுக்கத்தான் க்ளே. சோப்புத் தண்ணீரை அடித்துவிட்டு, சப்பாத்திக்கு உருட்டிய மாவு அளவில் இருக்கும் அந்தச் சாம்பல் நிறக் களியைத் தட்டையாக்கித் தேய்த்தால் தூசெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். தேய்க்கத் தேய்க்க மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவர வேண்டும். தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. க்ளே தரையில் விழுந்துவிட்டால் குப்பையில் போட்டுவிட வேண்டும். தரை மணல் ஒரு பொடி அதில் ஏறினாலும் போதும், அப்புறம் அது பெயின்டைச் சுத்தம் பண்ணாது, கிழிக்கும்.

பரீத் ஒரு தடவு தடவிவிட்டு வண்டி எந்தக் காற்றில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். தேவ்நார் என்றால் குப்பைமேட்டு நெருப்பின் சாம்பல். செம்பூர் என்றால் பழைய சொசைட்டிக் குடியிருப்புகளை இடித்துக் கட்டுகிற சிமென்ட். சயான் ஸ்டேஷன் ஓரம் நிற்கிற வண்டியில் ரயில் சக்கரத்து இரும்புத்தூள். மாட்டுங்காவில் மரங்கள் அதிகம், அதனால் பிசின். மாட்டுங்கா திருவேங்கடம், ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வண்டியைக் கொண்டுவரும்போதெல்லாம் "இந்த மாசம் எங்கெல்லாம் போனேன், சொல்லுங்கோ பாய்" என்று பரீட்சை வைப்பார். பரீத் சொல்வது தப்பாக இருந்தால் திருவேங்கடமே ஏதாவது ஞாபகப்படுத்திக்கொண்டு அதைச் சரியாக்கிவிடுவார். நல்ல மனுஷர்.

இந்த வித்தையெல்லாம் இப்போதும் நடக்கிறது. ஆனால் பரீதின் விரல்கள் மரத்துப்போய் வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

சுகர்தான் காரணம். முதலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு எரிந்தது, பிறகு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கொதிக்கிற டீ கிளாஸை ஒருநாள் அடியோடு பிடித்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் விரலில் கொப்புளத்தைப் பார்த்தது அவர் மனைவி நஸீரா. அவள் அதைச் சொன்னபோது அவர் எரிந்து விழுந்தார். கடைக்கு மேலேதான் வீடு. செங்குத்தான ஓர் இரும்பு ஏணியில் ஏறினால் ஒரே அறை, குளிக்கவும் கழுவவும் ஒரு மோரி, ஒரு ஜன்னல். கீழே பெருமூச்சு விட்டால் மேலே கேட்கும். அந்த வீட்டில் ரகசியம் காப்பதென்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் காக்க வேண்டும். அதனால் ஒரு விடியற்காலையில் பரீத் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு மனைவியைக் கீழே கூப்பிட்டார். பையை அவள் கையில் மாட்டிவிட்டு, "தொட்டுப் பாத்து எங்கெங்க சொரசொரங்குன்னு சொல்லு" என்றார்.

கல்யாணமாகி மேலப்பாளையத்திலிருந்து அவளைக் கூட்டிவந்த நாள் முதல் அவள் கையைப் பழித்தே பழகியவர் அவர். ஆணத்தில் உப்புக் கூடினால் இவளுக்குக் கை விளங்காது என்பார். விருந்தாளி முன்னாலேயே சொல்வார், சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்வார். அந்தக் கைக்குத்தான் இப்போது கதவும் டிக்கியும் கூரையும் தெளிவாகத் தெரிந்தன. இந்த இடத்தில் மணல் மாதிரி, இந்த இடத்தில் சீனி மாதிரி, இங்கே ஒன்றுமில்லை என்று அவள் சொல்லிக்கொண்டு போவாள். அவர் அந்த இடங்களில் க்ளே போடுவார். அவள் மறுபடி தடவி, போதும் என்றால் நிறுத்துவார். பகலில் வாடிக்கைக்காரன் வந்து நிற்கும்போது பரீத் தாமே பையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, விடியற்காலை நஸீரா சொன்னதைத் தம் விரல் சொல்வதுபோலச் சொல்வார். மேலே அடுப்படியில் நின்று அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள், பரீஹா. கல்யாண் என்கிற ஊரில் பழைய கார் வாங்கி விற்கிற உஸாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நல்ல சம்பந்தம் என்று தெருவே சொன்னது. உஸாமா வாங்குகிற பழைய வண்டிகள் எல்லாம் விற்பதற்கு முன் மாமனார் கடைக்குத்தான் வரும். மற்ற வாடிக்கைகள் வந்தாலும் வராவிட்டாலும் கல்யாண் வண்டி ஒன்று எப்போதும் கடையில் நிற்கும். பரீத் மகளைக் கொடுத்து வண்டிகளை வாங்கிக்கொண்டார் என்று பக்கத்துக் கடைக்காரன் ஒருவன் டீ குடித்தபடி சொன்னான். பரீத் அதைக் கேட்டுச் சிரித்தார்.

இந்த ஆனி மாதம், மழை பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில், பரீஹா ஒரு கைப்பையோடு சயானில் இறங்கி நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். செருப்பு ஒன்று அறுந்திருந்தது. நஸீரா சுடுகஞ்சி கொடுத்து, துணி மாற்றச் சொல்லி, ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள். அப்போதுதான் காதுக்குப் பின்னால் அவள் விரலில் அது தட்டியது. புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியான வீக்கம், அதற்குக் கீழே ஆறிப்போன தழும்பு, அதற்கும் கீழே இன்னொன்று. அவள் கை நின்றுவிட்டது. பரீஹா முதுகைக் காட்டியபடியே, "கதவுல இடிச்சிட்டேன் உம்மா" என்றாள். நஸீரா மறுபடி அதே இடத்தைத் தொட்டதும், "கதவு இல்ல" என்றாள்.

நஸீரா ஏணி முனையில் நின்று கணவரைக் கூப்பிட்டாள். அவர் மேலே வந்ததும் மகளின் தலைமுடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "தொட்டுப் பாருங்க. உங்க மாப்ள செஞ்ச வேலய நீங்களே தொட்டுப் பாருங்க" என்றாள்.

பரீத் குனிந்து இரண்டு விரலை வைத்தார். முன்னும் பின்னும் நகர்த்தினார்.

"ஒண்ணுமில்லியே. வழுவழுன்னுல்லா இருக்கு" என்றார்.

அவர் விரலுக்குத் தெரியவில்லையா, மனசுக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்ததா என்று நஸீராவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. விளக்கைப் போட்டுக் கண்ணால் பாருங்கள் என்றாள். எனக்கு வேலை கிடக்கிறது என்று அவர் இறங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மகளைத் தாமே கூட்டிக்கொண்டு போய் கல்யாணில் விட்டுவிட்டு வந்தார். வரும்போது உஸாமா கொடுத்ததாக ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்தார். நஸீரா அதைத் தொடவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் தோலை உரித்து நிதானமாகத் தின்றார். சுகர்க்காரருக்கு ஆகாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பரீத் கெட்டவர் இல்லை என்று தெருவில் சொல்வார்கள். தெருவுக்கு அவர் கெட்டவர் இல்லைதான்.

மறுநாள் விடியலில் அவர் கீழேயிருந்து கூப்பிட்டபோது நஸீரா இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இறங்கவில்லை. திருவேங்கடத்தின் வண்டியைப் பரீத் தம் கையை நம்பிச் செய்து கொடுத்தார். திருவேங்கடம் பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், இந்தத் தடவை சித்தெ அவசரமா?" என்று மட்டும் கேட்டார். அன்று மத்தியானம் பரீத் மேலே வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு பேசினார். உஸாமா ஒரு பெரிய கறுப்பு வண்டி பிடித்திருக்கிறான், வாஷியில் ஒரு பில்டருக்குப் பேசி வைத்திருக்கிறான், அவனுக்கு இதுவரை வராத பெரிய ஆள். கறுப்பு வண்டி எதையும் மறைக்காது, ஒரு கோடு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அவள் கை இல்லாமல் ஆகாது. இதையெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எம் புள்ளயக் கூட்டியாங்க. பொறவு வாரேன்" என்றாள் நஸீரா.

"இந்த வண்டிய முடிச்சுக் குடுத்துருதேன். அவன் மனசு குளுந்திருக்கும்லா, அந்த நேரம் பாத்து நானே பேசுதேன். பேசிக் கூட்டியாரேன்."

"அல்லாமேல சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் நம்பினாள். வேறு என்ன செய்வாள் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தெரிந்திருக்காது.

கறுப்பு வண்டி ஒரு சாயங்காலம் வந்தது. கடை நீளத்துக்கு நின்றது. ஷட்டரை இறக்கினால் பின் பம்பரில் இடித்துவிடும்போல இருந்தது. இரவெல்லாம் மழை கொட்டி, நாலாச் சாக்கடை நிரம்பி, கடை வாசலுக்கு வண்டல் மணல் அடித்துக்கொண்டு வந்திருந்தது. விடியலில் நஸீரா ஏணியில் கால் வைக்கும்போது கீழே பரீத் போனில் பேசிக்கொண்டிருந்தார். மருமகனிடம் என்றாலே அவர் குரல் ஒரு மாதிரி இளகிவிடும்.

"அவ எங்க மாப்ள போவா? ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வச்சிருப்பா, பொறவு சரியாயிருவா. இல்ல இல்ல, நான் எதுக்குக் கூட்டியாரப் போறேன். அவ உம்மா கெடந்து அழுவா, அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தா யாவாரம் நடக்குமா? நீங்க கொஞ்சம் கண்டிச்சு வச்சாத்தான் நல்லது. நான் ஒண்ணும் நெனச்சிக்கிட மாட்டேன்."

பேசி முடித்து, சிரித்து, போனைச் சட்டைப்பையில் போட்டார். நஸீரா ஏணியில் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மாம்பழத் தோலை உரித்துக்கொண்டிருந்த அவருடைய கைதான் கண் முன்னால் வந்தது. பிறகு இறங்கி வந்து பையை மாட்டிக்கொண்டாள்.

தெருவில் கார்ப்பரேஷன் தண்ணீர் விடுகிற நேரம் அது. வீட்டுக்கு வீடு மோட்டாரைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழாது. டியூப் லைட் ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது. அவள் பானெட்டைத் தடவினாள். வண்டி எங்கேயோ தண்டவாளத்தை ஒட்டி வெகுநாள் நின்றிருக்க வேண்டும், இரும்புத்தூள் முள்முள்ளாகக் கையில் தட்டியது. உள்ளதை உள்ளபடி சொன்னாள். பரீத் சோப்புத் தண்ணீரை அடித்துவிட்டு க்ளேயை எடுத்தார். நாலு தேய்ப்புக்கூட ஆகியிருக்காது, அது அவர் விரலிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது. சட்டென்று எடுத்துவிட்டார். எடுத்தவர் குப்பைக்கூடைப் பக்கம் போகவில்லை.

இது அவர் புதிதாக ஆரம்பித்திருந்த பழக்கம். மரத்த விரலில் க்ளே நிற்பதில்லை, அடிக்கடி நழுவும். நழுவிய ஒவ்வொன்றையும் எறிந்தால் கட்டுப்படியாகாது. அதனால் விழுந்ததை நஸீராவிடம் நீட்டுவார். அவள் விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்து, மணல் இருந்தால் நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டுத் திருப்பித் தருவாள். தொழிலின் அந்த ஒரே சட்டத்தை அவர் மீறியது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"மண்ணு ஒட்டிருக்கான்னு பாரு" என்று நீட்டினார்.

நஸீரா வாங்கினாள். கட்டைவிரலை அழுத்தியதும் தெரிந்துவிட்டது. வண்டல் மணல், கூர்கூராக, ஒரு பக்கம் முழுக்க. அவள் அதைக் கிள்ளவில்லை. இடியாப்பத்துக்கு மாவு பிசைகிற மாதிரி மடித்தாள், மறுபடி மடித்தாள். மணல் உள்ளே போய், எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பரவுகிற வரைக்கும் பிசைந்தாள். மேலே பார்ப்பதற்குப் புதிது மாதிரி இருந்தது.

"ஒண்ணுமில்ல. வழுவழுன்னு இருக்கு" என்று கொடுத்தாள்.

அவர் வாங்கித் தேய்த்தார். பானெட், இரண்டு கதவு, கூரை. மோட்டார் இரைச்சலில் காதுக்கு எதுவும் கேட்கவில்லை, விரலுக்கு எதுவும் எட்டவில்லை. அவர் கை போய்வருகிற இடமெல்லாம் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறுத்தச் சொல்ல அவளுக்கு நேரம் நிறையவே இருந்தது. கடைசியில் பையை மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுத் தடவிவிட்டு, நல்லா வந்திருக்கு என்றாள். அவர் மேலே கெட்டியாக வாக்ஸ் பூசினார். வாக்ஸ் கோடுகளுக்குள் இறங்கி அவற்றை மூடியது. வெளியே வானம் கறுத்திருந்தது. உஸாமாவின் டிரைவர் மத்தியானம் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, வாஹ் என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனான்.

அதன் பிறகு சில நாட்கள் நஸீரா சந்தோஷமாக இருந்தாள். அவளை அப்படிப் பார்த்துத் தெருவுக்கு நாளாகியிருந்தது. கெளுத்தி மீன் வாங்கி மாங்காய் போட்டு ஆணம் வைத்தாள். பக்கத்து வீட்டு சஃபீனாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் எத்தனை நாளைக்குப் பெய்வாய் என்று அதனிடம் கேட்டாள். மழை வாக்ஸைக் கரைக்கும். கரைந்த பிறகு ஒரு வெயில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய மனுஷன் முன்னால் உஸாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதை அவள் நினைத்து நினைத்துப் பார்த்தாள். மருமகன் முன்னால் பரீத் நிற்பதையும் நினைத்துப் பார்த்தாள். உஸாமா தலையை நிமிர்த்தி வீட்டுக்குள் போகும்போது அங்கே யார் இருப்பார்கள் என்பதை மட்டும் அவள் நினைக்கவில்லை. கோபம் கண்ணை மறைத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் மீன் கழுவினாள், செதில் ஒன்று விடாமல் எடுத்தாள். கண் நன்றாகத்தான் தெரிந்தது.

வெயில் ஒரு வெள்ளிக்கிழமை அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்பு வண்டி கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது உஸாமா. வெள்ளைச் சட்டை, அத்தர், ஒட்ட வெட்டிய தாடி. இறங்கி மாமனாருக்கு சலாம் சொன்னான். பிறகு வண்டியை வெயிலில் இன்னும் கொஞ்சம் முன்னால் எடுத்து நிறுத்தினான்.

பானெட் முழுக்கக் கோடு. சுழித்துச் சுழித்துப் போன கோடுகள், பாத்திரம் தேய்க்கிற கம்பிப் பஞ்சால் தேய்த்ததுபோல. எந்த இடத்தில் கை வேகமாகப் போனது, எந்த இடத்தில் அழுத்தியது என்பதுவரைக்கும் தெரிந்தது. பரீத் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஏணிப் பக்கம் பார்த்தார். நஸீரா பாதி ஏணியில் நின்றிருந்தாள். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவளுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அவரால் வாயைத் திறக்க முடியாது. திறந்தால், என் கைக்கு ஒன்றும் தெரியாது என்பதிலிருந்து அல்லவா ஆரம்பிக்க வேண்டும்.

"க்ளே சரியில்ல மாப்ள. புது மாலு. நான் கவனிச்சிருக்கணும்" என்றார்.

"பரவாயில்ல மாமா" என்றான் உஸாமா. குரலை உயர்த்தவில்லை. "பில்டர் வண்டியத் திருப்பி அனுப்பிட்டாரு. மார்க்கெட்ல எல்லார் முன்னாடியும் அனுப்பினாரு. நீங்க பெரியவங்க, உங்கள நான் என்ன சொல்ல? இனிமே என் வண்டி எதுவும் இங்க வராது, உங்களுக்கு வயசாச்சு, ஆராம் பண்ணுங்க. உங்க பொண்ணயும் கொண்டாந்துட்டேன். ரெண்டும் உங்க கை வேலதான மாமா, பாத்து எடுத்துக்கோங்க. படியில விழுந்துட்டா."

பின் கதவைத் திறந்துவிட்டான். பரீஹா இறங்கினாள். இடது கை முழங்கையிலிருந்து வீங்கிக் கறுத்து, துப்பட்டாவில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. யாரையும் பார்க்காமல் ஏணியில் ஒரு கையால் பிடித்து ஏறினாள். உஸாமா மறுபடி சலாம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். பரீத் கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னாலேயே, மாப்ள மாப்ள என்று நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தார்.

சயானில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மாவுக்கட்டுப் போட்டு வந்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது, விரல் நீட்டி மடக்க நாளாகும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நஸீரா சோறு பிசைந்து மகளுக்கு ஊட்டினாள். புள்ளை வந்துவிட்டது, கை ஆறிவிடும், இனி அந்த வாசல் படி மிதிக்க வேண்டாம் என்று அவளுக்குள் ஓர் ஆறுதல் ஊறிக்கொண்டிருந்தது. அந்த ஆறுதலில்தான் அவள் அதைச் சொன்னாள். வாப்பாவின் விரல் மரத்துப்போனதையும், க்ளே விழுந்ததையும், தான் மணலை உள்ளே வைத்துப் பிசைந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். மகள் தன்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்துச் சொன்னாள் என்றுதான் தோன்றுகிறது.

"ஊரு முன்னால அவன் மானத்த வாங்குனேனா இல்லியா?" என்று முடித்தாள்.

பரீஹா வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினாள். அடுத்த கவளத்துக்கு வாயைத் திறக்கவில்லை.

"வெள்ளிக்கெழம என்ன முற்றத்துல கூட்டிட்டுப் போயி வெயில்ல நிப்பாட்டுனான்" என்றாள். "வண்டி கழுவுத பயலுவ எல்லாம் சுத்தி நிக்கானுவ. உன் வாப்பா போட்ட கோடு, ஒவ்வொண்ணாத் தொட்டு எண்ணுன்னான். தப்பா எண்ணுனா மொதல்லேர்ந்து எண்ணணும். எண்ணுனேன் உம்மா. பானெட்டு சுட்டுது. எங்க வீட்டுல யாரும் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாவ, அல்லா சத்தியம்னு சொன்னேன். அப்பிடிச் சொன்னதுக்குத்தான் கைய முறிச்சான்."

நஸீரா கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள். "உனக்காகத்தான்ளா செஞ்சேன்" என்றாள்.

"எனக்காவன்னா நீ வந்து கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா. சயான்ல ஏறுனா கல்யாணு. வண்டிகூட மாற வேண்டாம். நான் நெதமும் ஜன்னல்ல நின்னேன்."

சயான் ஸ்டேஷன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மீன் வாங்க நஸீரா அதைத் தாண்டித்தான் போவாள். கல்யாண் போகிற லோக்கல் அவளுக்கு முன்னால் எத்தனையோ தடவை நின்று போயிருக்கிறது. கணவன் கூட்டிவர வேண்டும், கணவன் பேச வேண்டும், இல்லாவிட்டால் கணவனைப் பழிவாங்க வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றிற்று. ஏறிப் போய் இறங்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து பரீத் விடியலில் அவளைக் கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. மகளிடம் மட்டும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். உஸாமாவின் வண்டி வராத கடையில் ஒரு வாரம் ஷட்டர் திறந்தது தெரியவில்லை, மூடியது தெரியவில்லை. பிறகு திருவேங்கடம் வண்டியை விட்டுவிட்டுப் போனார். மறுநாள் விடியலில் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே நஸீரா கண் விழித்தபோது பக்கத்தில் மகளின் பாய் காலியாக இருந்தது. ஏணி முனையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பரீஹா மாவுக்கட்டுக் கையை மார்போடு வைத்துக்கொண்டு மாட்டுங்கா வண்டியின் அருகில் நின்றிருந்தாள். வலது கையில் பை. பரீத் அதன் வாயை அவள் மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டிருந்தார். அவள் தடவிக்கொண்டே போய், இங்கே இருக்கு வாப்பா, இங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மகளிடம் அவர் இவ்வளவு பணிவாக நின்று நஸீரா பார்த்ததில்லை. சோறு போடுகிற வீட்டில் தனக்கு ஓர் இடம் வேண்டுமென்று மகள் கேட்டாளா, இல்லை அவரே கூப்பிட்டாரா, தெரியவில்லை. எப்படியோ இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது.

நஸீரா இறங்கி வந்தாள். கூரைப் பக்கம் தடவுவதற்குப் பரீஹாவுக்கு ஒற்றைக் கையோடு எட்டவில்லை. நுனிக்காலில் நின்று, வண்டியில் சாயக்கூடாது என்று உடம்பை வளைத்துக்கொண்டு தடுமாறினாள். நஸீரா பக்கத்தில் போய்த் தன் கையை நீட்டினாள்.

"நீ தொடாத உம்மா" என்றாள் பரீஹா.

பரீத் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து மகளுக்குப் போட்டார். அவள் ஏறி நின்று தடவத் தொடங்கினாள். நஸீரா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நிற்பதற்கு இடம் விட்டு அவர்கள் வேலை பார்த்தார்கள்.